ஈரத் தீவின் காய்ந்த விளிம்பு

சிங்கப்பூரில் காட்டுத்தீயா என்று சிரிப்பவர்களுக்கு 2014 பிப்ரவரி மறந்துபோயிருக்கும். அந்த மாதம் முழுவதும் சாங்கி வானிலை நிலையத்தின் மழைமானியில் சேர்ந்தது வெறும் 0.2 மில்லிமீட்டர். இந்தத் தீவில் 1869 முதல் மழைக்குக் கணக்கு எழுதி வருகிறார்கள். இவ்வளவு வறண்ட மாதம் அந்தக் கணக்கில் வேறு இல்லை. ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வானம் ஏமாற்றிக்கொண்டே இருந்தது. வீவக புளோக்குகளுக்கு நடுவே எப்போதும் பச்சையாகக் கிடக்கும் புல்தரை வைக்கோல் நிறத்துக்கு மாறியது. சாலையோர மரங்கள் இலையைக் கொட்டின. புல்லும் புதரும் அங்கங்கே பற்றிக்கொள்ள, கட்டடத் தீயை அணைத்துப் பழகிய குடிமைத் தற்காப்புப் படை வீரர்கள் வெட்டவெளிகளில் குழாயை இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. ஏறக்குறைய 170 நாள் மழை நாள். குடை இல்லாமல் வெளியே போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அதனால்தான் நெருப்பு என்றால் சமையலறையும் மின்கம்பியும் மிதிவண்டி மின்கலமும் நம் நினைவுக்கு வருகின்றன, புதர் வருவதில்லை. என் கணிப்பில், இந்த ஊரின் ஈரத்தின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைதான் இதில் பெரிய ஆபத்து. கலிஃபோர்னியாவைப் போலவோ ஆஸ்திரேலியாவைப் போலவோ இங்கே ஊர்கள் எரியப் போவதில்லை. ஆனால் ஆண்டில் சில வாரங்கள், சில இடங்களில், ஒரு சிகரெட்டுத் துண்டு போதும். அந்த வாரங்கள் எவை, அந்த இடங்கள் எவை என்று தெரிந்துவைத்திருப்பவர் நம்மில் குறைவு.

வாரங்களை நினைவில் வைப்பது தமிழருக்கு எளிது. தீபாவளிக்குக் கொட்டும் மழை மார்கழி வரை விடாது. பொங்கல் பானை இறங்கிய சில நாள்களில் வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான பாதி முடிந்து, வறண்ட பாதி தொடங்கும். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்களின் காலைச் சுடும் தார்ச்சாலை அதற்கு முன்னறிவிப்பு. மாசி முழுவதும், பங்குனித் தொடக்கம் வரை, காற்று அடிக்கும், மழை பெய்யாது. ஆங்கில மாதக் கணக்கில் பிப்ரவரிதான் இங்கே மழை மிகக் குறைந்த மாதம். தொடர்ந்து 15 நாள், நாளுக்கு 1 மில்லிமீட்டர்கூடப் பெய்யாவிட்டால் அதை வறட்சிக் காலம் என்று சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் குறித்துக்கொள்கிறது. புல்லுக்கு அத்தனை நாள் தேவையில்லை. விரலைவிட மெல்லிய காய்ந்த தண்டு, சருகு, புல் எல்லாம் சில மணி நேர வெயிலிலேயே ஈரத்தை இழந்துவிடும். காலையில் பனியில் நனைந்து கிடந்த அதே புல் பிற்பகல் மூன்று மணிக்குப் பற்றத் தயாராக இருக்கும்.

எரிவது காடா?

சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகள் சிங்கப்பூரில் நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ சதுப்புநிலம், லாப்ரடார். இவற்றில் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி 2,000 ஹெக்டருக்கு மேல். மெக்ரிட்சி, மேல் சிலேத்தார், மேல் பியர்ஸ், கீழ் பியர்ஸ் என்ற நான்கு நீர்த்தேக்கங்களைச் சுற்றிக் கிடக்கிறது. புக்கிட் தீமா சிறியது, ஆனால் 163 மீட்டர் உயரத்தில் தீவின் மிக உயரமான இடம் அங்கேதான். இந்த அடர்ந்த காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும்: வெளியே கொளுத்தும் வெயிலிலும் உள்ளே தரை ஈரமாக இருக்கும், சட்டை உடம்போடு ஒட்டும். கூரை மூடிய மழைக்காடு எளிதில் தீப்பிடிக்காது.

எளிதில் பிடிக்காது என்பதைப் பிடிக்கவே பிடிக்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1982-83 எல் நினோ வறட்சியில் போர்னியோவின் கிழக்குக் கலிமந்தானில் ஏறக்குறைய 35 லட்சம் ஹெக்டர் எரிந்தது. மழைக்காடு எரியாது என்று உலகம் அதுவரை நம்பியிருந்தது. அங்கேயும் மரம் வெட்டிக் கூரையைத் திறந்துவிட்ட காடு மோசமாக எரிந்தது. கைபடாத காடு அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. வெயில் உள்ளே இறங்கும் இடம்தான் பலவீனமான இடம். சிங்கப்பூரில் அப்படிப்பட்ட இடம் விளிம்பு. 1980களில் போடப்பட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிகளை வெட்டிப் பிரித்தபோது இருபுறமும் புதிதாக விளிம்பு உண்டானது. விலங்குகள் கடக்க 2013இல் மேலே பசுமைப் பாலம் கட்டினார்கள். ஆனால் வெட்டுப்பட்ட ஓரத்தில் வெயிலும் காற்றும் நுழைவதைப் பாலம் தடுக்காது.

விளிம்பில் வளர்வது என்ன என்பதுதான் விஷயம். முதலில் லாலாங். இடுப்பு உயரம் வளர்ந்து, வெள்ளைப் பூ விட்டு, காற்றில் அலையும் இந்தப் புல்லைப் படம் எடுக்காதவர் இல்லை. இதன் கிழங்குத் தண்டு மண்ணுக்கடியில் ஓடுகிறது. மேலே எல்லாம் எரிந்து கருகினாலும் கீழிருந்து மறுபடி முளைத்துவிடும். பக்கத்தில் வளர முயன்ற மரக்கன்றுகள்தான் சாகும். ஒவ்வொரு தீயும் லாலாங்குக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிறது என்றே சொல்லலாம். அடுத்தது ரெசாம் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பெரணி. காட்டோரச் சரிவுகளில் பின்னிப்பிணைந்து வேலிபோல் வளரும். மேலே பச்சை இலை. உள்ளே பல ஆண்டு காய்ந்த ஓலை. பற்றினால் அது எரியும் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்காமல் இருப்பது நல்லது.

இது புதிய கதையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பீரும் மிளகும் பயிரிட்டவர்கள் இந்தத் தீவின் காட்டை வெட்டினார்கள். கம்பீர் இலையைக் காய்ச்ச இன்னும் வெட்டினார்கள். மண் சத்திழந்ததும் அடுத்த காட்டுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தை லாலாங் பிடித்தது. நீரிணைக் குடியேற்றங்களின் காடுகள் எப்படி அழிந்தன என்று நத்தேனியல் கேன்ட்லி 1883இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் இங்கே வனப்பகுதிகளை ஒதுக்கத் தொடங்கினார்கள். இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகும் காடு, அந்தப் பொட்டல்களுக்கு நடுவே தப்பியதும், அதன் பின் மெல்ல மீண்டதும்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டுப் பக்கத்தில் மரம் நட்டால் தீ ஆபத்து கூடும் என்று சிலர் பேசக் கேட்கிறோம். நடப்பது நேர்மாறானது. லாலாங் நிழலைத் தாங்காது. மரம் வளர்ந்து நிழல் விழுந்தால் அது ஒழியும், தரை குளிரும், சருகில் ஈரம் தங்கும். வனப்பகுதிகளைச் சுற்றி செஸ்ட்நட், வின்ட்சர், தாம்சன், ரைஃபிள் ரேஞ்ச் என்று இயற்கைப் பூங்காக்களைத் தேசியப் பூங்காக் கழகம் அடுக்கியிருப்பது கூட்டத்தைப் பிரிக்கவும் காட்டுக்கு ஒரு கவசம் கொடுக்கவும்தான். குறை சொல்ல வேண்டியது மரத்தை அல்ல. வெட்டிக் குவித்த கிளைகளையும் வாரக்கணக்கில் அள்ளாமல் கிடக்கும் புல்லையும்தான்.

நெருப்பு நம் கையிலிருந்து போகிறது

உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூர் ஒன்று. ஆனால் இங்கே மின்னல் மழையோடு வருகிறது; மின்னல் வைக்கும் நெருப்பை மழையே அணைத்துவிடும். மழையில்லாத வாரத்தில் புதர் எரிந்தால், பெரும்பாலும் யாரோ ஒருவரின் கைதான் அதற்குக் காரணம். அணைக்காத சிகரெட்டுத் துண்டைக் குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் சுட்டிக்காட்டி வருகிறது. 2022 ஜூலை 1 முதல் பொதுப் பூங்காக்களிலும் தோட்டங்களிலும் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. பிடிபட்டால் 200 வெள்ளி, நீதிமன்றம் போனால் 1,000 வெள்ளி வரை. துண்டை வீசினால் குப்பை போட்டதற்குத் தனியாக 300 வெள்ளி. தடை நுரையீரலுக்காக வந்தது. அதனால் காட்டுக்கும் நன்மை. என்றாலும் பூங்கா வேலிக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், லாரிக்குக் காத்து நிற்கும் இடத்தில் இருக்கும் புல்லுக்கு எந்த வேலியும் தெரியாது.

சிகரெட்டை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுப் போவது எளிது. வேறு சில வழிகளை நாம் யோசிப்பதே இல்லை. புல்வெட்டி இயந்திரத்தின் உலோகத் தகடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். உச்சி வெயிலில் காய்ந்த புல்லில் அந்தப் பொறி விழுந்தால் வேலை செய்பவருக்கு இயந்திரச் சத்தத்தில் கேட்கவும் கேட்காது, முகமூடியில் நாற்றமும் தெரியாது. ஓடிவந்த லாரியை உயரமான காய்ந்த புல்லின் மேல் நிறுத்தினால் அடியில் இருக்கும் புகைக்குழாயின் சூடே போதும். கட்டுமானத் தளங்களில் காட்டோரமாக வெல்டிங், கட்டிங் நடக்கும்போது தார்ப்பாய்க்குள் விழும் பொறியைப் பார்க்க ஆள் நிறுத்துகிறார்கள்; வேலிக்கு அந்தப் பக்கம் புல்லில் விழும் பொறியையும் அதே ஆள் பார்க்க வேண்டும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.

இந்த வேலைகளைச் செய்பவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலிலும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இளைஞர்களில் பலர், வாரத்தின் மற்ற ஆறு நாளும் சாலையோரப் புல்லை வெட்டுகிறார்கள், மரம் கழிக்கிறார்கள், மண்டாயிலும் தெங்காவிலும் கட்டுமானத்தில் நிற்கிறார்கள். அவர்கள் தங்கும் விடுதிகளும் கிராஞ்சி, சுங்கை தெங்கா, துவாஸ் என்று ஊரின் ஓரங்களில், புல்வெளிக்கும் புதருக்கும் பக்கத்தில்தான் இருக்கின்றன. இயற்கை வனப்பகுதிக்கு அருகில் வசிப்பவர் என்றதும் ஹில்வியூ கூட்டுரிமை வீட்டுக்காரரை நினைக்கிறோம். புகையை முதலில் பார்க்கப் போகிறவர் பல நேரம் விடுதியில் துணி காயப்போடும் தொழிலாளிதான். அவருக்கு 995 என்ற எண் தெரியுமா, அழைத்தால் எந்த இடம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியுமா என்று கேட்டுப் பார்த்தவர்கள் நம்மில் யார்?

வழிபாட்டைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரலாம்; வரட்டும். மரத்தடியில் ஒரு சின்ன வேல், ஒரு படம், ஒரு அகல் என்று தொடங்கி வளர்ந்த கோயில்கள் இந்த ஊரில் பல. இன்றும் சில மரத்தடிகளில் சூடம் எரிகிறது. மாசி வெயிலில் சருகுக்கு நடுவே சூடம் ஏற்றிவிட்டு அணையும் முன் புறப்படுவதை எந்தச் சாமியும் கேட்டதில்லை. ஒரு தட்டும் ஒரு செம்பு நீரும் போதும். சீன நண்பர்கள் ஏப்ரலில் சுவா சூ காங் இடுகாட்டில் தாள் எரிக்கும்போதும் இதே கவனம் தேவைப்படுகிறது.

பட்டாசுக்கு இங்கே கதை வேறு. 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசால் ஆறு பேர் இறந்த பிறகு, 1972இல் தடை வந்தது. 2018 தீபாவளியின்போது லிட்டில் இந்தியாவில் குளோஸ்டர் சாலையில் வாணவேடிக்கை கொளுத்தியவர்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. தீபாவளி மழைக்காலம் என்பதால் புல் தப்பிக்கும். தை, மாசியில் அந்தச் சலுகை இல்லை.

குரங்கணி கற்றுத்தந்தது

தமிழர்களுக்குக் காட்டுத்தீ என்றால் நினைவுக்கு வர வேண்டிய நாள் 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த 30க்கும் மேற்பட்டோர் கொழுக்குமலை ஏறிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பலர், மலையேற்றத்துக்குப் புதியவர்களும் இருந்தார்கள். ஆள் உயரக் காய்ந்த புல் மூடிய சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. சிதறி ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் சிக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மலை கிராமத்து மக்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள். மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைகளில் வாரக்கணக்கில் ஒவ்வொருவராக இறந்து, பலி எண்ணிக்கை 20ஐத் தாண்டியது.

அனுமதி யார் கொடுத்தது, எந்தப் பாதைக்குக் கொடுத்தது என்ற கேள்விகளை விசாரிக்க அதுல்ய மிஸ்ரா தலைமையில் குழு அமைத்தது அரசு. அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு விதிகளும் கொண்டுவந்தது. விதியைவிட, அந்தச் சரிவில் நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்வதுதான் நடக்கப் போகிறவருக்குப் பயன்படும்.

தீ மேட்டை நோக்கி ஓடும். எரியும் இடத்திலிருந்து எழும் வெப்பம் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. மனிதனோ மேட்டில் ஏறும்போது வேகம் இழக்கிறான். ஆகவே கீழே தீ தெரிந்தால் மேலே ஓடுவது நமக்குத் தோன்றும் முதல் யோசனை. அதுவே மிக மோசமான யோசனை. இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள ஓடைப் பள்ளம் ஒளிய ஏற்ற இடம்போலத் தெரியும். வெப்பமும் புகையும் அதன் வழியாகத்தான் புகைபோக்கியில் ஏறுவதுபோல் ஏறும். பக்கவாட்டில், காற்றின் குறுக்கே விலகி, எரிய எதுவும் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும்: தார்ச்சாலை, பாறை, நீர்க்கரை, ஏற்கெனவே எரிந்து ஆறிய கருநிலம்.

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இதில் நேரடியான செய்தி ஒன்று உண்டு. இங்கே பள்ளி விடுமுறை மார்ச் நடுவில் வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய், அப்படியே கொடைக்கானல், மேகமலை, டாப் ஸ்டேஷன் என்று ஒரு சுற்று. தமிழ்நாட்டு மலைகளில் அதுதான் தீக்காலம். வனத்துறையின் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில்கூட 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் யாராவது ‘நமக்குத் தெரிந்த ஆள், உள்ளே கூட்டிப் போகிறார்’ என்று சொன்னால் போகாதீர்கள். மெல்போர்னில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே சொல்: 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் ஒரே நாள் தீயில் 173 பேர் இறந்தார்கள். வீட்டைக் காப்போம் என்று தங்கியவர்களும், கடைசி நிமிடத்தில் காரை எடுத்தவர்களும் அதில் உண்டு. அதன் பிறகு அங்கே சொல்லும் பாடம் சீக்கிரம் கிளம்பு என்பதுதான்.

புகை தெரிந்தால்

மெக்ரிட்சியிலோ புக்கிட் தீமாவிலோ நடக்கும்போது புகை நாற்றம் வந்தால் முதல் வேலை நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பது. இரண்டாவது வேலை வந்த வழியே, அடையாளம் போட்ட பாதையிலேயே, புகைக்கு எதிர்ப்பக்கம் அல்லது குறுக்காக வெளியேறுவது. குறுக்கு வழியில் போகாதீர்கள். பாதையை விட்டு விலகினால் அபராதம் என்பது இருக்கட்டும். தேடி வருபவர்களால் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. படம் எடுக்க நிற்பதற்கும், செடியை ஒடித்துத் தீயை அடிக்கப் போவதற்கும் இது நேரமல்ல. தீயணைப்பாளர்கள் காலணியும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, தீயடிப்பானும் நீர்க்குழாயும் எடுத்துக் கூட்டாகச் செய்கிற வேலை அது. வாயையும் மூக்கையும் மூடப் பருத்தித் துணி நல்லது. இன்று எல்லாரும் போடும் உடற்பயிற்சிச் சட்டை பாலியெஸ்டர். தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

மூன்றாவது, 995. யாராவது அழைத்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தால் யாருமே அழைக்க மாட்டார்கள். அழைப்பவர் தடுமாறும் இடம் ஒன்றுதான்: எங்கே இருக்கிறீர்கள்? காட்டோரத்தில் புளோக் எண் இல்லை. ஆனால் சாலையில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஒரு எண் இருக்கிறது. சாலைப் பெயரும் கம்ப எண்ணும் சொன்னால் வண்டி நேராக வரும். நடைபாதையில் அறிவிப்புப் பலகையில் இருப்பதைப் படித்துச் சொல்லலாம். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி வழியாக 995ஐ அழைத்தால் இருக்கும் இடமும் சேர்ந்தே போய்விடும். ஆங்கிலம் திணறும் ஒருவருக்கு இது பெரிய உதவி.

காட்டோர வீடுகளில் இருப்பவர்களுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புகை வரும் பக்கத்து சன்னலை மூடுங்கள். மூங்கில் கம்பில் காயும் துணியை உள்ளே இழுத்துவிடுங்கள். ஸ்பிரிங்லீஃப் பக்கம் தரைவீட்டில் இருந்தால் கூரைத் தண்ணீர்வாரியில் சேர்ந்த சருகை மாசி பிறக்கும் முன்னே வாரிவிடுங்கள். தீயணைப்பு வண்டிக்கென விட்ட பாதையில் கார் நிறுத்துபவர்களைப் பற்றி எழுத இந்த இதழ் போதாது. குரங்குகளும் பாம்புகளும் தீக்குத் தப்பிக் குடியிருப்புக்குள் வரலாம். விரட்டக் கம்பு எடுக்க வேண்டாம், கதவை மூடிக்கொண்டு தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600ஐ அழைத்தால் போதும்.

தீ அணைந்தபின் உடனே பார்க்கப் போவதும் தவறு. இலைமட்கும் மரத்தூளும் ஆழமாகக் கிடக்கும் இடத்தில் மேலே கறுப்பாக ஆறியதுபோல் இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கால் வைத்தால் புதையும்.

கடலுக்கு அப்பாலிருந்து வரும் புகை

மண்ணுக்கடியில் கனலும் நெருப்பு என்றதும் சிங்கப்பூரருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். நம் ஊரில் நெருப்பே இல்லாமல் நாம் அனுபவிக்கும் காட்டுத்தீ சுமத்ராவுடையது. சதுப்புக் கரிமண் நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டு எண்ணெய்ப்பனையும் காகித மரமும் நடுகிறார்கள். நீர் இறங்கிய கரிமண் எரிபொருளாகிறது. பற்றினால் மழைக்காலம் வரும் வரை அணையாது. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆண்டு இந்தோனேசியாவில் எரிந்தது 26 லட்சம் ஹெக்டர். இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. எல்லை தாண்டும் புகைக்குக் காரணமான நிறுவனங்கள் எங்கிருந்தாலும் தண்டிக்க சிங்கப்பூர் 2014இல் சட்டம் போட்டது. சட்டத்தின் பல் எவ்வளவு கூர்மை என்பது வேறு கட்டுரைக்கான விஷயம்.

ஆக, நமக்கு ஆண்டில் இரண்டு தீக்காலம். பிப்ரவரி, மார்ச்சில் நம் சொந்தப் புல். ஜூனிலிருந்து அக்டோபர் வரை அண்டை நாட்டுப் புகை. எல் நினோ ஆண்டில் இரண்டாவது மோசமாகும். குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியில் நீண்ட நேரம் கடும் உழைப்பைக் குறைக்க வேண்டும், 200க்கு மேல் தவிர்க்கப் பார்க்க வேண்டும், ஆஸ்துமாக்காரர்கள் அப்போதே வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும், 300ஐத் தாண்டினால் முதியவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். நடக்கப் போகலாமா என்று அந்த நேரத்தில் முடிவெடுக்க, 24 மணி நேரக் குறியீட்டைவிட ஒரு மணி நேர நுண்துகள் அளவு பயன்படும்; இரண்டும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் இருக்கின்றன. என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டினால்தான் வேலை செய்யும், தாடியின் மேல் போட்டால் பலன் குறைவு. குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், சிராங்கூன் சாலையில் நாள் முழுவதும் மூட்டை இறக்குபவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். முகக்கவசமும் இடைவேளையும் அவருக்குக் கிடைப்பதை உறுதிசெய்வது முதலாளியின் கடமை.

சிங்கப்பூரின் தீ நினைவு என்றால் அது 1961 மே 25 புக்கிட் ஹோ ஸ்வீ. அத்தாப்புக் கூரைகள் எரிந்து நான்கு பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு விடையாக இந்த நாடு கான்கிரீட் அடுக்குமாடிகளைக் கட்டியது. இப்போது அந்தக் கான்கிரீட்டுக்கு அருகே பசுமையைத் திரும்பக் கொண்டுவருகிறோம். 2030க்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா என்பது இலக்கு. பழைய ரயில் பாதை 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாகிவிட்டது. நல்லதுதான். விளிம்பும் கூடவே நீள்கிறது என்பதைப் பூங்கா அமைப்பவர்கள் அறிவார்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும், அதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். தொழிலாளர் விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் கொசுவுக்கும் வெப்ப அயர்ச்சிக்கும் ஒட்டியிருக்கும் தாள்களுக்குப் பக்கத்தில், தை மாதம் பிறந்ததும், புல் தீ பற்றி ஒரு தாள் ஒட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

அந்தத் தாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஊர்க்காரர்களைச் சந்தித்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: எண் 995, இடம் தெரியாவிட்டால் விளக்குக் கம்பத்தில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால் போதும்.